தலைமை எழுதுவதை யாரும் பகிர்வதில்லை, கிளைகள் எழுதுவது கட்டுக்கு அடங்குவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். ஒரு தன்னார்வ அமைப்பு. தலைமைக் குழு பார்த்துப் பார்த்துத் தயாரிக்கும் செய்திகள் நாலு பேரைத் தாண்டுவதில்லை. கிளைகளில் இருப்பவர்கள் தங்கள் போக்கில் எழுதுவது காட்டுத்தீயாகப் பரவுகிறது, ஆனால் அதில் சில நேரம் தேதி தப்பாக இருக்கிறது, சில நேரம் அமைப்பு சொல்லாத வாக்குறுதியே இருக்கிறது. எவ்வளவு கட்டுப்பாடு வைப்பது, எவ்வளவு விடுவது?

நான் பல வருடங்கள் ஒரு ரத்த தானக் குழுவை ஒருங்கிணைத்தவன். இந்த இரண்டு தொல்லையையும் நேரில் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எந்தச் செய்தியும் மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் அமைப்பின் சின்னத்தோடு படமாக்கித் தருவார். பார்க்க அழகாக இருக்கும். குழுக்களில் போட்டால் நாலு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், அதோடு நின்றுவிடும். அதே நாட்களில் ஒரு தன்னார்வலர் மருத்துவமனை வாசலில் நின்றபடி மூச்சு வாங்கப் பேசி அனுப்பிய ஒரு சின்னக் குரல் பதிவு, நாங்கள் கேள்விப்பட்டே இராத குழுக்கள் வரை போய், ஒரு மணி நேரத்துக்குள் தேவைக்கு அதிகமான கொடையாளர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. சரி, இதுதான் வழி என்று விதியைத் தளர்த்தினோம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னோம். சில மாதங்களிலேயே அதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். ஒரு குழந்தைக்கு அரிய வகை ரத்தம் அவசரமாக வேண்டும் என்று, தேதி போடாமல், குழந்தையின் அப்பாவுடைய எண்ணோடு ஒரு வேண்டுகோள் சுற்ற ஆரம்பித்தது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் எட்டு ஒன்பது மாதம் அந்த மனிதருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டவர்கள் எல்லாருமே நல்ல மனதோடு "ரத்தம் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டவர்கள்தான். கடைசியில் அவர் எண்ணையே மாற்றிக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்து ஒரு வேண்டுகோளை எடுத்து வரிவரியாகப் பிரித்தோம். எந்த வரி தன்னார்வலருடையது, எந்த வரி எங்களுடையதாகவே இருந்தாக வேண்டும் என்று பார்த்தோம். பேசும் தொனி, வட்டார வழக்கு, எழுத்தா குரலா, யாருக்கு அனுப்புவது, எந்த நேரத்தில் அனுப்புவது எல்லாம் அவர்கள் இஷ்டம். ரத்த வகை, மருத்துவமனையின் பெயர், தேதி, எந்த நேரம் வரை தேவை என்பது, தொடர்பு எண், இந்த ஐந்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. எண் எக்காரணத்தைக் கொண்டும் குடும்பத்தினருடையதாக இருக்கக் கூடாது, எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தேவை முடிந்த பிறகு வரும் அழைப்புக்கு "கிடைத்துவிட்டது, நன்றி, உங்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் வேலை எங்களுடையது, துக்க வீட்டினுடையது இல்லை. கைவிட்டுப் போன செய்தியைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது. ஆனால் அது எந்த வழியில் சுற்றினாலும் கடைசியில் வந்து சேரும் இடத்தை நாம் வைத்திருக்கலாம். உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான். செய்தி போகும் வழியைக் கிளைகளிடம் விடுங்கள், வந்து சேரும் இடத்தை மையம் வைத்துக்கொள்ளட்டும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இணையம் வருவதற்கு முன்பே நன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1ஆம் தேதி, வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைது செய்யப்பட்டார். அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியர் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை நகலெடுக்கும் இயந்திரத்தில் உருட்டி எடுத்தார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள், அவ்வளவுதான் விஷயம். மறுநாள் அவை பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் என்று ஊர் முழுக்கப் போய்விட்டன. இதை ஒரே ராத்திரியில் நடந்த அதிசயமாகச் சொல்வார்கள். ஆனால் அவர் தலைமை தாங்கிய பெண்கள் அரசியல் மன்றம் பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி மாதக்கணக்கில் பேசி வந்திருந்தது. பேருந்தில் நடக்கும் அவமதிப்பு நிற்காவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே அவர் நகர மேயருக்குக் கடிதம் எழுதிவிட்டார். துண்டறிக்கைகளை ஊருக்குள் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது முன்பே யோசித்து வைத்தது. அதாவது, நெருப்புப் பற்றிய ராத்திரியில் அவர்கள் விறகு தேடிப் போகவில்லை.

அப்புறம் திங்கட்கிழமை, டிசம்பர் 5. பேருந்துகள் காலியாக ஓடின. ஒரு நாள் அழைப்பு வெற்றி பெற்றுவிட்டது, நாளைக்கு என்ன? அன்றே மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் என்ற அமைப்பு உருவாகி, 26 வயது மார்ட்டின் லூதர் கிங் அதற்குத் தலைவரானார். மக்களிடம் உணர்ச்சி ஏற்கெனவே இருந்தது, துண்டறிக்கையும் தன் வேலையை முடித்துவிட்டது. சங்கம் கையில் எடுத்தது, வேலைக்குப் போக வேண்டியவர்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை. நூற்றுக்கணக்கான சொந்தக் கார்கள், ஏறும் இடம், இறங்கும் இடம், பெட்ரோலுக்குப் பணம், வாரந்தோறும் கூட்டம். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஒரு துண்டறிக்கையால் ஒரு நாள் பேருந்தைக் காலியாக்க முடியும், மீதி 380 நாளுக்குக் கார் அட்டவணை வேண்டும். உங்கள் தலைமைக் குழுவில் எல்லாரும் துண்டறிக்கை எழுத ஆசைப்படுகிறார்களா, அட்டவணை போட யாராவது இருக்கிறார்களா என்று கொஞ்சம் பாருங்கள். நான் பார்த்தவரை, செய்தியைக் கட்டுப்படுத்துவதில் சண்டை போடும் தலைமைகளில் பெரும்பாலானவற்றில் அட்டவணை போட ஆள் இல்லை.

வந்து சேரும் இடமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் நியூயார்க்கில் நடந்த வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தைச் சொல்லலாம். "நாங்கள் 99 சதவீதம்" என்ற ஒரே வரி உலகம் முழுக்கப் போனது. செப்டம்பர் 17 அன்று போராட்டம் தொடங்கியது, நவம்பர் 15 அன்று போராட்டக்காரர்கள் தங்கியிருந்த பூங்காவைக் காவல்துறை காலி செய்தது. அந்த வரி இன்றும் உயிரோடு இருக்கிறது, ஏற்றத்தாழ்வைப் பற்றி உலகம் பேசும் விதத்தையே அது மாற்றியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூங்கா போன பிறகு, அந்த வரியைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு வந்த ஒருவர் மறுநாள் எங்கே போய் என்ன செய்வது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

மறுபுறம், மையம் பேராசைப்பட்டால் என்ன ஆகும்? 2014 கோடையில் பரவிய ஐஸ் பக்கெட் சவால் எல்லாருக்கும் நினைவிருக்கும். தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மூன்று பேரைச் சவாலுக்கு இழுப்பார்கள். நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்காகப் பணம் திரட்டியது அது. ஏ.எல்.எஸ். சங்கம் அதைத் திட்டமிடவில்லை, நோயாளிகளும் அவர்களது நண்பர்களும்தான் அதை அந்த நோயின் பக்கம் திருப்பினார்கள். ஃபேஸ்புக்கில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட காணொளிகள், சங்கத்துக்குச் சில வாரங்களில் சுமார் 11.5 கோடி டாலர். அலை உச்சத்தில் இருந்த ஆகஸ்ட் மாதத்தில் சங்கம் அந்தப் பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. கண்டனம் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, போலிகள் பணம் பறிப்பார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மக்கள் தங்கள் தலையில் தாங்களே ஊற்றிக்கொண்ட தண்ணீருக்கு யாரோ பட்டா கேட்பது போல அது தெரிந்தது. அதே சங்கம் அடுத்துச் செய்தது சரியான வேலை. வந்த பணத்தில் எவ்வளவு ஆராய்ச்சிக்கு, எவ்வளவு நோயாளிகளின் பராமரிப்புக்கு என்று வெளிப்படையாகப் பிரித்துச் சொன்னார்கள். பெரும்பகுதி ஆராய்ச்சிக்குப் போனது. 2016இல் அந்த நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 என்ற மரபணுவை அடையாளம் கண்ட ஆய்வுக்கு அந்தப் பணம் உதவியது. பெயருக்குச் சொந்தம் கொண்டாடப் போனபோது திட்டு வாங்கினார்கள், பணத்துக்குப் பொறுப்பேற்றபோது மரியாதை வாங்கினார்கள். மையத்தின் இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தவறையும் இரண்டு சரியையும் ஒரே அமைப்பிலேயே பார்க்க வேண்டுமானால் ஒபாமாவின் 2008 தேர்தல் பிரச்சாரத்தைப் பார்க்கலாம். மைஸ்பேஸ் தளத்தில் ஒரு ஆதரவாளர் 2004லேயே ஒபாமா பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, தன் சொந்த நேரத்தில் அதை 1,60,000 பேர் கொண்டதாக வளர்த்திருந்தார். 2007இல் பிரச்சாரக் குழு அந்த முகவரியைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அவருக்கு மனம் உடைந்தது, விஷயம் செய்திகளில் வந்தது, கடைசியில் ஒபாமாவே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. வேட்பாளர் பெயரில் இருக்கும் பக்கத்தில் தப்பாக ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற குழுவின் கவலை புரிகிறது. ஆனால் அந்தக் கவலையை அவரோடு ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், 1,60,000 பேர் சேர்ந்த பிறகு பேசினால் அது பறிப்பது போலத்தான் இருக்கும்.

அதே குழு அடுத்த வருடம் நடந்துகொண்ட விதம் வேறு. அவர்கள் தளத்தில் ஆதரவாளர்கள் தாங்களே குழு தொடங்கலாம், கூட்டம் ஏற்பாடு செய்யலாம். 2008 ஜூன் இறுதியில், அரசின் ஒட்டுக்கேட்பு தொடர்பான ஒரு மசோதாவை ஒபாமா ஆதரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், ஆதரிக்காதீர்கள் என்று அவருடைய தளத்துக்குள்ளேயே ஒரு குழு கிளம்பியது. சில நாட்களில் 20,000 பேருக்கு மேல் சேர்ந்து தளத்திலேயே மிகப் பெரிய குழு ஆகிவிட்டது. நிர்வாகம் அதை மூடவில்லை. ஒபாமா அங்கேயே எழுத்தில் பதில் சொன்னார், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, ஏன் என்று மட்டும் விளக்கினார். எதிர்த்தவர்களுக்குத் திருப்தி இல்லை, ஆனால் எதிர்ப்பு வெளியே போய் வெடிக்காமல் வீட்டுக்குள்ளேயே பேசி முடிந்தது. வெற்றிக்குப் பிறகு 2009இல் அந்த முழு வலைப்பின்னலையும் கட்சியின் தேசியக் குழுவுக்குள் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். அதோடு அதன் வேகம் குறைந்துபோனது. மேலிருந்து வரும் வேலையைச் செய்து முடிக்கும் அணியாக அது மாறியதும், தங்கள் ஊருக்கு எது தேவை என்று தாங்களே முடிவெடுத்து வந்தவர்கள் மெல்ல விலகினார்கள்.

1960இல் அமெரிக்காவில் மாணவர்களின் உணவக மறியல் பரவியபோதும் இதே கேள்வி வந்தது. பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்போரோ நகரில், கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த உணவகத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள், மார்ச் இறுதிக்குள் 13 மாநிலங்களில் 55 நகரங்கள். ஏப்ரலில் அந்த மாணவர்களை ஒன்றாகக் கூட்டியவர் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண். அவர் அப்போது, மாண்ட்கோமரிக்குப் பிறகு கிங் தலைமையில் உருவான தெற்கத்தியக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். மாணவர்களைத் தன் அமைப்பின் இளைஞர் அணியாக இழுத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் தனியாகவே இருங்கள் என்று அவர்களுக்குத் துணை நின்றார். அப்படிப் பிறந்த மாணவர் ஒருங்கிணைப்புக் குழு, பெரியவர்கள் போகத் தயங்கிய கிராமங்களுக்கெல்லாம் போனது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் மேலே சொன்னது பாதிதான். ஒரு தகவல் பரவுவதும் ஒரு செயல் பரவுவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. நெருங்கிப் பழகாத, தூரத்துத் தொடர்புகள் வழியாகத்தான் புதுத் தகவல் வேகமாகப் போகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே எழுதினார். ஆனால் சிரமமோ ஆபத்தோ உள்ள ஒரு செயலை ஒருவர் செய்ய வேண்டுமானால், ஒரே வாயிலிருந்து கேட்டால் போதாது, தனக்கு நெருக்கமான பலரும் செய்வதைப் பார்க்க வேண்டும். டேமன் சென்டோலா 2010இல் வெளியிட்ட இணையப் பரிசோதனை இதைத்தான் காட்டியது, நெருக்கமாகப் பின்னிய குழுக்களில்தான் புதுப் பழக்கம் அதிகம் பரவியது. ரத்த தானத்தில் இதை நாங்கள் தினமும் பார்த்தோம். ஃபார்வர்டு ஆயிரம் பேருக்குப் போகும், வந்து கொடுப்பவர் "என் நண்பர்கள் இரண்டு பேர் போன மாதம் கொடுத்தார்கள்" என்பார்.

அதனால் உங்கள் அமைப்பில் மிக முக்கியமானவர்கள் தலைமையும் இல்லை, புதிதாக வந்து சேரும் கூட்டமும் இல்லை. நடுவில் இருக்கும் பகுதிப் பொறுப்பாளர்கள்தான். கீழே பத்துப் பதினைந்து பேரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள், மேலே யாரை எப்போது கூப்பிடலாம் என்றும் தெரிந்தவர்கள். இவர்களுக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் கூப்பிட்டு "மக்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியாமல் நின்றீர்கள்?" என்று கேளுங்கள். அறிக்கை கேட்காதீர்கள், அறிக்கையில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

நிறுத்தும் அதிகாரம் மையத்திடம் இருக்க வேண்டுமா என்றால், கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் ஆபத்து வந்த அன்று அதை உருவாக்க முடியாது. 1956 ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. ஆத்திரத்தோடு, சிலர் ஆயுதங்களோடு, கூட்டம் வாசலில் கூடிவிட்டது. அவர் திண்ணையில் நின்று வீட்டுக்குப் போங்கள் என்றார், போனார்கள். இரண்டு மாதமாக வாராவாரம் கூட்டத்தில் அவர் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். காந்தி 1922 பிப்ரவரியில், சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்திக் காவலர்களைக் கொன்ற பிறகு, நாடு முழுக்க ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தியபோது, சிறையிலிருந்த தலைவர்கள் பலரே கோபப்பட்டார்கள், ஆனாலும் இயக்கம் நின்றது. 1920 நாக்பூர் மாநாட்டில் நான்கணா உறுப்பினர், மொழிவாரி மாகாணக் கமிட்டி, 15 பேர் செயற்குழு என்று காங்கிரசை அடிமட்டம் வரை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். அந்தப் படிகள் இருந்ததால்தான் சொல் கீழே இறங்கியது. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம், அது வேறு பேச்சு.

எழுதி வைக்க ஒரே ஒரு விதி வேண்டுமானால், குடிநோயாளிகள் மீட்சிக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1950இல் ஏற்றுக்கொண்ட மரபுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற குழுக்களையோ மொத்த அமைப்பையோ பாதிக்கும் விஷயங்களைத் தவிர, எல்லாவற்றிலும் ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி நடக்கலாம் என்கிறது அது. சின்ன வாக்கியம், உலகம் முழுக்க எத்தனையோ குழுக்களை இத்தனை வருடம் சேர்த்து வைத்திருக்கிறது.

கடைசியாக, தப்பான செய்தி பரவிவிட்டால் என்ன செய்வது. முதலில், அனுமதிக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு நாளில் வரும் மறுப்பை யாரும் படிப்பதில்லை. மையத்தில் யாராவது ஒருவர் அரை மணி நேரத்தில் "இது உண்மை, இது இல்லை" என்று சொல்லும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும், கூட்டம் போட்டுப் பேசி அல்ல. இரண்டாவது, தப்பாக அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்டவே திட்டாதீர்கள். அவர்தான் உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பரப்பத் தெரிந்த ஆள். தனியாகக் கூப்பிட்டு, சரியான விவரத்தைக் கொடுத்து, அவர் வாயாலேயே, அவர் பாணியிலேயே திருத்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். முதல் செய்தி எந்த வழியில் போனதோ அந்த வழியில் திருத்தம் போக அவரால் மட்டும்தான் முடியும். எங்கள் குழுவில் அந்தத் தேதியில்லாத வேண்டுகோளை முதலில் அனுப்பிய பெண்ணை நாங்கள் அப்படித் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை, எல்லார் முன்னாலும் கேட்டோம். அவர் அழுதுகொண்டே விலகிப் போனார். அவரைப் போல மனதைத் தொடும்படி பேசத் தெரிந்த ஒருவர் அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பெயரில் தப்பாகப் போன செய்திகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கோடிடுங்கள். தேதி, பணம், தொடர்பு எண், அமைப்பின் பெயரில் கொடுத்த வாக்குறுதி என்று நாலைந்து இடத்திலேயே திரும்பத் திரும்ப விழும். அந்த நாலைந்தை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொண்டு, மீதியை எழுதும் உரிமை உங்களுடையது என்று பகுதிப் பொறுப்பாளர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.